பாமினிக் கோப்பும் ஐம்பதாண்டுக் கருவிகளும்

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கிப் போகும் கரையோர வீதியில், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கிறது நாயாறு. கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வரும் இந்த மீன்பிடிக் கிராமத்தின் பெயரைக் கணினிக் கோப்புகளில் தேடினால் இரண்டு விதமான பதில் வரும். யுனிகோடில் எழுதிய கோப்பென்றால் உடனே அகப்படும். பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பென்றால், திரையில் ‘நாயாறு’ என்று கண்ணுக்கு முன்னால் இருந்தாலும், அப்படி ஒரு சொல் இல்லையென்று கணினி சொல்லிவிடும்.

காரணம் எளிது. பாமினிக் கோப்புக்குள் இருப்பது தமிழ் எழுத்தே அல்ல. ஈ, எச், ஏ, எச், பெரிய டபிள்யூ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள்தான் அங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன. பாமினி எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் போர்வை விலகி ஆங்கில எழுத்துகளின் குவியல் தெரியும்.

இலங்கைத் தமிழரின் கணினி எழுத்தில் பெரும்பகுதி நீண்ட காலம் இப்படித்தான் சேர்ந்தது. தட்டச்சு வகுப்பில் ‘யளனகப’ என்று விரலால் மனனம் செய்தவர்களுக்குப் பாமினியின் விசை வரிசை பழகியதாகவே இருந்தது. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், சங்கங்களின் மனு, மாணவரின் ஆய்வேடு, கூட்டுறவுச் சங்க அறிக்கை என எல்லாம் அதில் ஏறின. இடம்பெயர்வுகளில் காகிதங்களை இழந்த வன்னிக்கு, எங்காவது ஒரு கணினியில் மிஞ்சிய பழைய கோப்பு சாதாரணப் பொருளல்ல. ஓர் ஊரின் உறுப்பினர் பட்டியலோ ஆலய வரலாறோ அதில் மட்டுமே இருக்கக்கூடும். அதைத் தேடக்கூடிய, பிறருக்கு அனுப்பக்கூடிய எழுத்தாக மாற்றுவது ஒரு மீட்பு வேலை.

அதற்கென எழுத்துருமாற்றிகள் இருக்கின்றன. சுரதா யாழ்வாணன் உருவாக்கி இணையத்தில் இலவசமாக வைத்த ‘பொங்குதமிழ்’ மாற்றியைப் பாவித்துப் பாமினியிலிருந்து யுனிகோடுக்கு வந்தவர்கள் ஏராளம். ஒரு பக்கக் கடிதத்துக்கு அது போதும். நூறு கோப்புகள், ஆயிரம் பக்கங்கள் என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மாற்றிகள் விடும் பிழைகளைக் கண்ணால் பிடிக்க முடியாது.

இலங்கைத் தமிழ் இணையப் பக்கங்களில் ‘வௌியீடு’, ‘வௌிநாடு’ என்ற சொற்களைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். பாமினியில் ஔகாரத்துக்குத் தனிக் குறி இல்லை. ‘கௌ’ வேண்டுமென்றால் கொம்பு, க, ள என்று மூன்றையும் வரிசையாகத் தட்ட வேண்டும். ‘வெளி’ என்பதும் கொம்பு, வ, ள என்றே தொடங்கும். மாற்றி முந்திக்கொண்டு ‘வௌ’ என்று முடிவெடுத்துவிட்டால், மிஞ்சிய இகரக் குறி அதன்மேல் அநாதையாக ஒட்டிக்கொள்ளும். பல எழுத்துருக்களில் சரியான ‘வெளி’க்கும் பிழையான ‘வௌி’க்கும் வித்தியாசமே தெரியாது. வாசிப்பவர் கடந்து போய்விடுவார். ஆனால் ‘வெளியீடு’ என்று தேடுபவருக்கு அந்தக் கோப்பு என்றைக்கும் அகப்படாது.

இன்னொன்று ரகர மெய். பாமினியில் காலுக்கும் ‘ர்’ என்பதன் உடலுக்கும் ஒரே விசை. கால் போட்டுப் புள்ளி வைத்தால் ‘ர்’. ஆகவே ‘பெர்னாண்டோ’ என்று தட்டியதைக் கவனமில்லாத மாற்றி ‘பொ்னாண்டோ’ ஆக்கிவிடும்: கொம்பும் காலும் சேர்ந்து ஒகரமாகி, புள்ளி தனியே நிற்கும். நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்திலிருந்து மீன்பிடிப் பருவத்துக்கு ஆட்கள் வந்துபோகும் கரையொன்றின் பதிவேட்டில் பெர்னாண்டோக்களுக்குப் பஞ்சமிருக்காது என்பதை நினைத்தால், பிழையின் அளவு புரியும்.

இந்த மாதிரி வேலைக்கு எம்.எஸ். வேர்ட் முதலிய சொற்செயலிகள் போதுமானவையல்ல. அவை பக்கத்தை அழகாக அச்சிடுவதற்குப் பிறந்தவை. எழுத்தின் அடிவரை போய், ஒவ்வொரு குறியையும் தனித்தனியே பிடித்து, ஒரு கட்டளையில் ஆயிரம் இடத்தைத் திருத்துவதற்கு வேறொரு கருவி இருக்கிறது. டெக்ஸ்ட் எடிட்டர் எனப்படும் உரைத்தொகுப்பிதான் அது. அவற்றுள் பழையவையும், மிக வலியவையும், கற்பதற்கு மிகக் கடினமானவையும் என்று பெயரெடுத்தவை இரண்டு: ஈமாக்ஸ், விம். இரண்டும் இலவசம். பழைய மடிக்கணினியிலும், இணைய இணைப்பு இல்லாமலும் ஓடும்.

இரண்டின் வேரும் 1976க்குப் போகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் டெக்கோ என்றொரு பழைய தொகுப்பி இருந்தது. அதைப் பாவித்த ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டிய மக்ரோக்களை, அதாவது பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டிய சிறு நிரல்களை, எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் மேசையில் வேலை செய்யும் விசை மற்றவர் மேசையில் வேறொன்றைச் செய்தது. அவற்றை ஒழுங்குபடுத்தும் வேலையை கை ஸ்டீல் தொடங்க, ரிச்சர்ட் ஸ்டோல்மன் முடித்தார். ‘எடிட்டர் மக்ரோஸ்’ என்பதன் சுருக்கமே ஈமாக்ஸ். 1985இல் ஸ்டோல்மன் அதை அடியிலிருந்து புதிதாக எழுதி, யாரும் பிரதியெடுக்கலாம், திருத்தலாம் என்ற உரிமையோடு வெளியிட்டார். காந்த நாடாவில் வேண்டுமென்றவர்களுக்கு 150 டொலருக்கு அனுப்பி வைத்தார். இன்று உலகம் கட்டற்ற மென்பொருள் என்று சொல்லும் இயக்கத்தின் முதற்பெரும் விளைச்சல்களில் ஒன்று இந்தத் தொகுப்பி.

விம்மின் தாய் வி. கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பில் ஜோய் எழுதியது. அவருடைய வீட்டுக் கணினி முனையம் தொலைபேசிக் கம்பி வழியாக நொடிக்கு ஏறத்தாழ முப்பது எழுத்துகளைத்தான் கடத்தும். எண்பது எழுத்து அகலமும் இருபத்துநான்கு வரி உயரமும் கொண்ட திரை ஒருதரம் நிறைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட கம்பியில் ஒவ்வொரு விசைக்கும் விலை இருந்தது. அதனால்தான் வியின் கட்டளைகள் ஓரெழுத்து, ஈரெழுத்தாக இருக்கின்றன. ஒரு சொல்லை அழிக்க இரண்டு விசை, ஒரு வரியை அழிக்க இரண்டு விசை, இருபது வரிகளை அழிக்க நான்கு விசை. ஜோய் பாவித்த முனையத்தில் எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளின்மேல் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்றுவரை விம்மில் இடம், கீழ், மேல், வலம் போவதற்கு அவையே விசைகள். 1991இல் நெதர்லாந்தின் பிராம் மோலெனார் வியை விரித்து விம்மாக வெளியிட்டார்.

புதிதாகத் திறப்பவருக்கு இரண்டும் முகங்கொடுக்காது. விம்மில் நுழைந்து ஆங்கிலத்தில் ஏதாவது தட்டினால் அது திரையில் அப்படியே வராது. ஏதோ அழியும், எங்கோ குதிக்கும். ஏனென்றால் விம் முதலில் திறப்பது கட்டளை நிலையில். அங்கே ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளை. எழுதுவதற்கு ‘ஐ’ விசையை அழுத்தி எழுதும் நிலைக்குப் போக வேண்டும். எழுதி முடிந்ததும் எஸ்கேப் விசையால் திரும்ப வேண்டும். வெளியேறுவதற்கே தனிக் கட்டளை. நிரலர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தெளியும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ‘விம்மிலிருந்து எப்படி வெளியேறுவது’ என்று 2012இல் ஒருவர் கேட்ட கேள்வியை 2017க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருந்தார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கணினி படிக்கும் ஒருவர் லினக்ஸ் சேவையகத்தில் முதன்முதல் ஒரு கோப்பைத் திறக்கும்போது மாட்டிக்கொள்ளும் இடமும் பெரும்பாலும் இதுதான்.

இந்த நிலைமாற்றத்தை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர் லரி டெஸ்லர். வெட்டு, நகலெடு, ஒட்டு என்று இன்று எல்லாரும் செய்வதை ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். ஒரே விசை வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு வேலை செய்வது சாதாரண மனிதரைக் குழப்பும் என்பது அவர் கட்சி. நிலைகள் வேண்டாம் என்பதைத் தன் கார் இலக்கத்தகட்டிலேயே எழுதி வைத்திருந்தார். முதல் நாள் பாவனையாளரை நினைத்தால் டெஸ்லர் சொன்னது முற்றிலும் சரி. கைபேசியும் வேர்ட்டும் அவர் வழியில் வந்ததனால்தான் கோடிக்கணக்கானோர் பயமின்றி எழுதுகிறார்கள். ஆனால் அவர் வழியில் ஒரு விலை இருக்கிறது. முதல் நாளும் ஆயிரமாவது நாளும் ஒரே வேகம். நாள் முழுவதும் எழுத்தோடு கிடப்பவரின் கைத்தேர்ச்சி கருவிக்குள் போய்ச் சேருவதில்லை.

ஈமாக்ஸின் தொல்லை வேறு மாதிரியானது. அதில் எழுதுவது உடனே எழுத்தாகும்; கட்டளைகளுக்குக் கொன்ட்ரோல், ஒல்ட் விசைகளோடு சேர்த்து மற்ற விசைகளை அழுத்த வேண்டும். ஈமாக்ஸ் பிறந்த காலத்து ஆய்வுகூட விசைப்பலகைகள் சிலவற்றில் கொன்ட்ரோல் இடைவெளிக் கட்டைக்குப் பக்கத்தில், பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தது. இன்றைய விசைப்பலகையில் அது மூலைக்குப் போய்விட்டதால் சுண்டுவிரல் நாள் முழுவதும் வளைகிறது. சுண்டுவிரல் நோவு ஈமாக்ஸ்காரர்களிடையே பேர்போன முறைப்பாடு. சிலர் விசைகளை இடம்மாற்றி வைத்துத் தப்பிக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து, நேரம். ஈமாக்ஸின் ஒவ்வொரு நடத்தையையும் லிஸ்ப் மொழியில் சில வரி எழுதி மாற்றலாம். நிறத்தை மாற்றலாம், விசையை மாற்றலாம், நாட்குறிப்பும் கணக்கும் மின்னஞ்சலும் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாமின் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தன் குறிப்புகளை ஒழுங்குபடுத்த எழுதிய ஓர்க் என்ற பகுதி, இன்று பலருக்கு ஈமாக்ஸுக்கு வருவதற்கான காரணமே ஆகியிருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் மாற்றலாம் என்ற வாய்ப்பே மனிதரை விழுங்கும். செய்ய வேண்டிய வேலை மேசையில் கிடக்க, தொகுப்பியின் அமைப்புக் கோப்பைச் செதுக்குவதிலேயே இரவு போகும். புதிய பதிப்பு வந்ததும் செதுக்கியதில் பாதி உடையும். இந்தக் கருவிகளைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதை மறைக்கக்கூடாது.

அப்படியிருந்தும் ஏன் விடாமல் பாவிக்கிறார்கள்? கணினி அறிவியலின் மூத்தவர் டொனால்ட் கனூத் தன் நூல்களை ஈமாக்ஸில்தான் தட்டுகிறார். காரணத்தை விளங்கிக்கொள்ள, தொடங்கிய இடத்துக்கே, பாமினிக் கோப்புக்கே போக வேண்டும்.

ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு வரி. ஒவ்வொரு வரியிலும் பெயர் முன்னாலும் இலக்கம் பின்னாலும் இருக்கின்றன; பிரதேச செயலகமோ இலக்கத்தை முன்னால் கேட்கிறது. வேர்ட்டில் இது ஒரு பகல் வேலை. ஈமாக்ஸிலோ விம்மிலோ முதல் வரியை மட்டும் கையால் திருத்த வேண்டும். திருத்தும்போது அழுத்திய விசைகளைத் தொகுப்பி பதிந்துகொள்ளும். பின் அதே விசைகளை மற்ற 299 வரிகளுக்கும் ஓட்டச் சொன்னால், நொடிகளில் முடிந்துவிடும். இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. முதல் வரியை எப்படித் திருத்துவது என்று தெரிந்தால் போதும்.

பழைய மலர்களை ஸ்கான் செய்தவரிடம் பெயரில்லாத நூற்றுக்கணக்கான படக்கோப்புகள் இருக்கும். ஈமாக்ஸில் ஒரு கோப்புறையைத் திறந்து, அதன் பெயர்ப்பட்டியலையே ஓர் உரையைப் போலத் திருத்திச் சேமித்தால், வட்டில் உள்ள கோப்புகளின் பெயர்கள் மாறிவிடும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து எழுத்துகளைச் சேர்க்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்தவை. தட்டுவது, ஒப்புநோக்குவது, பெயரிடுவது, பழைய குறியீட்டிலிருந்து புதியதற்கு மாற்றுவது என்று ஒரே செயலை ஆயிரம் தடவை செய்யும் உழைப்பு அது. அந்த ஆயிரத்தை ஒன்றாகச் சுருக்குவதுதான் இந்தத் தொகுப்பிகள் தரும் பெரும் பலன்.

இனி ‘வௌியீடு’. தமிழில் ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ ஒருபோதும் வராது. ஆகவே அப்படி வரும் இடமெல்லாம் பிழை. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் முறையில் இதையே தொகுப்பியிடம் சொல்லலாம்: ஔகாரக் குறி, அதையடுத்து ஏதாவதொரு உயிர்க்குறி அல்லது புள்ளி; கண்ட இடத்தில் ஔகாரத்தை எகரக் குறியும் ளகரமுமாகப் பிரித்துவிடு, பின்னால் வந்ததை அப்படியே வை. ஈமாக்ஸ் ஒரு கோப்பை மட்டுமல்ல, ஒரு கோப்புறை முழுவதையும் இப்படித் துழாவும். ‘வௌியீடு’, ‘வௌ்ளம்’, ‘தௌிவு’ எல்லாம் ஒரே வீச்சில் நேராகும்.

ஆனால் ‘கெளரவம்’? இங்கே ளகரத்துக்குப் பின் குறி எதுவும் இல்லை. ‘கௌரவம்’ என்பதை ளகரம் போட்டு எழுதிய பிழை இது; மேலே சொன்ன விதிக்கு அகப்படாது. ‘வௌவால்’ என்பதையும் இப்படியே பிழையாக எழுதுகிறார்கள். இதை இயந்திரத்திடம் விட முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு இடமாக நிறுத்தி, மாற்றவா, விடவா என்று தொகுப்பி கேட்கும். தமிழ் தெரிந்தவர் ஒரு விசையில் பதில் சொல்லிக்கொண்டே போகலாம். முடிவெடுப்பது மனிதர், ஓடித் திரிவது கருவி. ஒப்புநோக்குநர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலைப் பங்கீடு கிடைப்பது அரிது.

கருவி கவிழ்க்கும் இடமும் இதே வேலையில்தான். பாமினியில் சிறிய எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. ஈமாக்ஸோ, தேடும் சொல் முழுவதும் சிறிய எழுத்தாக இருந்தால், சிறியது பெரியது என்று பாராமல் இரண்டையும் பிடிக்கும். ஆங்கிலம் எழுதுபவருக்கு அது வசதி. பாமினியைத் திருத்துபவருக்கு அழிவு: ககரத்தை மாற்றச் சொன்னால் குகரமும் சேர்ந்து மாறிவிடும். அந்தப் பழக்கத்தை முன்கூட்டியே நிறுத்தி வைக்கத் தெரிய வேண்டும். அதேபோல ஒழுங்கு. ரகர மெய்யை முதலில் மாற்றாமல் ஒகரத்தை முதலில் மாற்றினால் பெர்னாண்டோ மறுபடியும் ‘பொ்னாண்டோ’. கோப்புக்குள் ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் அதுவும் தமிழ்க் குழப்பமாகும், ஏனென்றால் வேர்ட் கோப்பை வெறும் உரையாகச் சேமிக்கும்போது எந்தப் பகுதி பாமினி, எந்தப் பகுதி ஆங்கிலம் என்ற எழுத்துருக் குறிப்பு தொலைந்துவிடுகிறது. ஒரு தவறான கட்டளை நொடியில் ஆயிரம் இடத்தைக் கெடுக்கும். மூலக்கோப்பின் பிரதி ஒன்றை வேறிடத்தில் வைக்காமல் தொடங்கக்கூடாது.

தமிழுக்கென்றே இருக்கும் தொல்லைகளும் உண்டு. விம்மில் தமிழ் விசைப்பலகையை இயக்கி ஒரு வரி எழுதி எஸ்கேப் அழுத்தினால் கட்டளை நிலை வந்துவிடும். கணினியின் விசைப்பலகை மட்டும் தமிழிலேயே நிற்கும். கீழே போவதற்கு ஜே அழுத்தினால் ஒரு தமிழ் எழுத்துத்தான் தொகுப்பிக்குப் போய்ச் சேரும், அதற்கு அது என்ன செய்யும்? ஒவ்வொரு தடவையும் மொழியை மாற்றி மாற்றி அழுத்துவது பொறுமையைத் தின்னும். முனையத் திரைகள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்குபவை. ‘ணை’, ‘ஞௌ’ அந்தக் கட்டத்துக்குள் அடங்காது; எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், சுட்டி ஓரிடத்தில் நிற்க எழுத்து வேறிடத்தில் தெரியும். விம்மின் தேடலில் ‘சொல்லெழுத்து’ என்பதைக் குறிக்கும் சுருக்கக் குறி ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லெழுத்தாக ஏற்கிறது. தமிழ் அதன் கணக்கில் எழுத்தல்ல. இதைப் பழைய வடிவமைப்பின் மிச்சம் என்று விளக்கலாம். ஆனாலும் தமிழ் எழுதுபவர் அதற்குச் சுற்றுவழி தேட வேண்டியிருப்பது நியாயமல்ல.

இந்த வகையில் ஈமாக்ஸ் முந்திக்கொண்டது. ஜப்பானின் மின்தொழில்நுட்ப ஆய்வுகூடத்தில் கெனிச்சி ஹந்தாவும் தோழர்களும் ‘மியூல்’ என்ற பெயரில் செய்த பன்மொழி வேலை 1997இல் ஈமாக்ஸின் இருபதாம் பதிப்பில் சேர்ந்தது. 2009இல் வந்த இருபத்துமூன்றாம் பதிப்பு உள்ளுக்குள்ளேயே யுனிகோடை அடிப்படையாக்கிக்கொண்டது. 2020இல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நூலகமும் சேர்ந்தபின் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகக் கோத்துத் தெரிகின்றன. கொன்ட்ரோலோடு எச் அழுத்தி, பிறகு தனியே எச் அழுத்தினால் உலக மொழிகளின் வாழ்த்துகள் நிரம்பிய ஒரு கோப்பு திறக்கும். அதில் தமிழின் வரியில் ‘வணக்கம்’ இருக்கிறது. தமிழ் உள்ளீட்டு முறைகளும் கூடவே வருகின்றன. கொன்ட்ரோலோடு பின்சாய்கோட்டை அழுத்தினால் எழுத்து மட்டும் தமிழாகும், கட்டளை விசைகள் அப்படியே இருக்கும்.

இதையெல்லாம் நிரலர்களுக்கு உரிய விஷயம் என்று சாதாரண எழுத்துப் பணியாளர் ஒதுக்கிவிடுவதுண்டு. அது தவறென்பதற்கு 1970களின் முடிவிலேயே ஒரு சான்று இருக்கிறது. பேர்னி கிரீன்பேர்க் என்பவர் மல்டிக்ஸ் என்ற பெருங்கணினிக்காக லிஸ்ப் மொழியில் ஓர் ஈமாக்ஸ் எழுதினார். அவருடைய அலுவலகச் செயலாளர்கள் அதைப் பாவிக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கொடுத்த கைநூல் தொகுப்பியை விரிக்கும் முறையைச் சொல்லித் தந்தது. ஆனால் அது நிரலாக்கம் என்று எங்கும் சொல்லவில்லை. தங்களால் நிரல் எழுத முடியாது என்று நம்பியிருந்த அந்தப் பெண்கள் பயமின்றி வாசித்து, தங்கள் வேலைக்கு வேண்டிய கட்டளைகளைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். ஸ்டோல்மன் பல உரைகளில் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ தட்டச்சு செய்து பிழைக்கும் ஒருவர் அந்தச் செயலாளர்களுக்கு எந்த வகையிலும் குறைந்தவரல்ல. விசைப்பலகையைப் பாராமல் ‘யளனகப’ தட்டுவதற்கு அவர் மாதக்கணக்கில் விரலைப் பழக்கியிருக்கிறார். கொம்பை முதலில் தட்டு, பிறகு மெய், பிறகு கால் என்ற ஒழுங்கு அவர் கையில் ஊறியிருக்கிறது. விம் கேட்பதும் அதே வகைப் பழக்கத்தைத்தான். கற்றுத் தருவதற்கு விம்மோடு ‘விம்டியூட்டர்’ என்ற பயிற்சி கூடவே வருகிறது. அரை மணி நேரத்தில் முதற்சுற்றை முடிக்கலாம். ஈமாக்ஸில் கொன்ட்ரோலோடு எச், பிறகு ரி என்று அழுத்தினால் அதன் பயிற்சி திறக்கும். முதல் இரண்டு வாரம் வேகம் குறையும், எரிச்சல் வரும். அந்த இரண்டு வாரத்தைத் தாங்குவதற்கு ஒரு காரணம் வேண்டும். மாதத்தில் இரண்டு கடிதம் எழுதுபவருக்கு அப்படியொரு காரணம் இல்லை. அவருக்கு வேர்ட் போதும், கைபேசியே போதும். எழுத்தைத் தொழிலாகவோ தொண்டாகவோ கொண்டவருக்கு அந்தக் காரணம் மேசையில் குவிந்து கிடக்கிறது.

விம்முக்கு, இலவசம் என்பதற்கு மேல், இன்னொரு முகமும் உண்டு. பிராம் மோலெனார் 1990களில் தெற்கு உகண்டாவின் கிபாலேயில் ஒரு சிறுவர் நிலையத்தில் பணி செய்தவர். விம் பிடித்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். வெறுமனே விம்மைத் திறந்தால் தெரியும் முதல் திரையில் அந்த வேண்டுகோள் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 3ஆம் திகதி 62ஆவது வயதில் அவர் காலமானார். விம்மின் வேலையை இப்போது ஒரு தன்னார்வலர் குழு தொடர்கிறது.

அந்தக் குழுவில் நெடுங்காலம் பங்களித்துவரும் யேகப்பன் லக்ஷ்மணன், விம்முக்குள் தமிழ் தட்டுவதற்கு ஒரு விசைவரைபடமும் செய்து கொடுத்திருக்கிறார். இதை இயக்கினால் எழுதும் நிலையில் மட்டும் தமிழ் வரும், கட்டளை நிலை ஆங்கிலத்திலேயே இருக்கும். மேலே சொன்ன மொழி மாற்றும் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் அது டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டுக்காக எழுதப்பட்டது. தமிழ் பின்னர் யுனிகோடுக்கு வந்துவிட்டதால், அதற்கேற்ற வரைபடத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். விசைவரைபடம் என்பது உண்மையில் ஒரு சாதாரண உரைக்கோப்பு: இடப்பக்கம் அழுத்தும் விசை, வலப்பக்கம் வர வேண்டிய எழுத்து, வரிக்கு ஒன்று. ஒன்றுக்கு மேற்பட்ட விசைகளைச் சேர்த்தும் எழுதலாம் என்பதால், கொம்பை முதலில் தட்டும் வழக்கத்தை மாற்றாமலே ‘என், எஃப்’ என்பதற்கு எதிரே ‘கெ’ என்றும், ‘என், எஃப், எச்’ என்பதற்கு எதிரே ‘கொ’ என்றும் போட்டுக்கொள்ளலாம். பாமினி வரிசை விரலில் இருக்கும் ஒருவர் மெய்யெழுத்துகளையும் குறிகளையும் இப்படி வரிசையாக எழுதி முடித்தால், பழகிய கை மாறாமலே அடுத்த மனு யுனிகோடில் பிறக்கும். அதில் நாயாறு தேடியதும் அகப்படும்.